குண்டூசி குத்திய இடம்

சிவப்புக் குண்டூசி நடுக்கடலில் நின்றது.

வணிகர் சங்கச் செயலாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையில் முகம் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். சுற்றிலும் நீலம். கால் வைக்க ஒரு மணல் திட்டுகூட இல்லை.

"அவன் கப்பல்ல வேலை பாக்கிறானா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அவன் எங்க இருக்கான்னு தெரியலைன்னு அர்த்தம்," என்றாள் கறார்.

"தெரியலைன்னா கடலைக் காட்டுமா?"

"விடை வரலைன்னா அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டு எண்ணும் பூஜ்யம் ஆயிடும். பூஜ்யமும் பூஜ்யமும் சேர்ற இடம் நடுக்கடல். அதை மாத்தி, 'தெரியாது'ன்னு எழுதி வெச்சிடறேன். இன்னிக்கே முடிஞ்சிடும்."

"அதெல்லாம் வேண்டாம்!" என்று பின்னாலிருந்து முதலாளியின் குரல் வந்தது.

அவளுடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. டயர் கடைக்கு மேல்மாடியில், நான்கு மேசையும் ஒரு ஜன்னலும் கொண்ட அந்த ஆப் தயாரிக்கும் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் கறார்தான். சேர்ந்த புதிதில் முதலாளி ஒரு வேலையை, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குடும்மா" என்றார். "சுவர் சாஞ்சிருந்தா கொத்தனார்கிட்டயும் அட்ஜஸ்ட் பண்ணத்தான் சொல்வீங்களா சார்?" என்று கேட்டாள். அன்று மத்தியானமே பெயர் ஒட்டிக்கொண்டது. நாற்பத்திரண்டு வயதில் இனிமேல் அது உதிரப்போவதில்லை.

வணிகர் சங்கத்துக்கு ஒரு இணையதளம் உண்டு. அதில் வாடிக்கையாளர்கள் கருத்து எழுத ஒரு பக்கம். நான்கு வருடமாக அந்தப் பக்கத்தை ஈகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் 'உண்மைவிளம்பி' என்ற புனைபெயரில் யாரோ எழுத ஆரம்பித்த பிறகு, ஊரே காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்த்தது.

ஜவுளிக் கடையைப் பற்றி: "இங்கே எடுத்த சட்டை முதல் துவைப்பில் என் அண்ணனிடமிருந்து அவர் மகனுக்குப் போனது. இரண்டாம் துவைப்பில் மகனிடமிருந்து அவன் பொம்மைக்குப் போனது."

செருப்புக் கடையைப் பற்றி: "வலது கால் நன்றாக உழைக்கிறது. இடது கால் மூன்றாம் நாளே ராஜினாமா."

செயலாளரின் சொந்த பேக்கரியைப் பற்றி எழுதியதுதான் உச்சம்: "பன் வாங்கினேன். சுவரில் ஆணி அடிக்க வேண்டியிருந்தது. சுத்தியல் தேடவில்லை."

செயலாளர் போலீஸுக்குப் போனார். ஆதாரத்துக்கு ஒரு பன் கேட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் கடித்துப் பார்த்துவிட்டு, எழுதியவர் மேல் நடவடிக்கை எடுக்க முகாந்திரம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகுதான் இந்த ஆப். இணையத்துக்கு வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி எண் உண்டு. உண்மைவிளம்பி எழுதும்போதெல்லாம் அந்த எண் சங்கத்தின் இணையதளத்தில் பதிவாகிறது. எண்ணைப் போட்டால், அது உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று வரைபடத்தில் குண்டூசி குத்திக் காட்ட வேண்டும். செயலாளரிடம் இருப்பது உள்ளங்கை அளவு போன், பொருளாளரிடம் இருப்பது டேப்லெட், சங்க அலுவலகத்தில் இருப்பது பழைய கம்ப்யூட்டர். மூன்றிலும் பக்கம் தானே சுருங்கி விரிந்து ஒழுங்காக உட்கார வேண்டும்.

கறார் பத்து நாளில் கட்டி முடித்தாள். மற்ற எண்களுக்கெல்லாம் குண்டூசி பளிச்சென்று போய் அந்தந்த ஊரில் நின்றது. உண்மைவிளம்பியின் எண்ணுக்கு மட்டும், இடம் சொல்லும் தரவுச் சேவையிடமிருந்து காலி உறைதான் திரும்பி வந்தது.

"ஏம்மா," என்றார் முதலாளி, செயலாளரை வழியனுப்பிவிட்டு வந்து. "ஒருத்தர் ஆப்பைத் திறந்து கேட்கிறாரு. அது தெரியாதுன்னு சொல்றதா? தெரியாதுன்னு சொல்றதுக்கு எங்க வீட்ல என் மச்சான் இருக்கான். அதுக்கு எதுக்கு ஆப்பு?"

"நிஜமாவே தெரியாதே சார்."

"தெரியாதது நமக்குள்ள இருக்கட்டும். அவன் இந்த ஊர்க்காரன்தானே? இந்த ஊர்க் கடையைப் பத்தித்தானே எழுதறான்? அப்ப ஊருக்கு நடுவுல ஒரு இடம் பாத்துக் குத்திடு."

"எந்த இடம்?"

முதலாளி கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்தார். "இங்க."

"சார், இது பொய்."

"இது பொய் இல்லம்மா, தோராயம்."

"அப்ப தோராயம்னு எழுதுவேன்."

"எழுதிக்கோ. யாரு படிக்கப் போறா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். வரைபடத்துக்குக் கீழே, தடித்த எழுத்தில்: 'இது தோராயமான இடம். உண்மையான இடம் தெரியவில்லை.' கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்தது. டேப்லெட்டிலும் தெரிந்தது.

செயலாளரிடம் இருந்ததோ போன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மாடிப்படி அதிர்ந்தது. கீழே டயர் கழற்றுகிறார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மனிதர் உள்ளே வந்தார். வெள்ளைக் கோட்டு, ரப்பர் கையுறை, கழுத்தில் தொங்கும் முகமூடி. அவருக்குப் பின்னால் அவருடைய உதவியாளர். ஐம்பது வயதிருக்கும் அம்மா, கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பை நிறைய பன்.

"இங்க யாரு குண்டூசி குத்தறது?" என்று கேட்டார் பல் டாக்டர்.

முதலாளி உடனே போன் பேசத் தொடங்கினார். மறுமுனையில் யாரும் இல்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நான்தான்," என்று எழுந்தாள் கறார்.

"ஒரு பேஷன்ட்டுக்குப் பல்லைப் பிடுங்கிட்டு இருக்கேன். பாதி வெளியில வந்தாச்சு. பதினஞ்சு பேர் உள்ள வந்து நிக்கிறாங்க. ஆளுக்கு ஒரு பன். 'கடிச்சுக் காட்டு'ங்கிறாங்க. என்ன, ஏதுன்னு கேட்டா போனைக் காட்டறாங்க. என் ஆஸ்பத்திரி மேல குண்டூசி. நான் யாரைப் பத்தியும் எதுவும் எழுதினதில்லம்மா. மருந்துச் சீட்டே என் கையெழுத்துல யாருக்கும் புரியறதில்ல!"

"டாக்டர் கடிச்சுக் காட்டினாரு," என்றார் உதவியாளர் அம்மா, பையை மேசைமேல் வைத்து. "ரெண்டு பன். அவர் பல்லு நல்ல பல்லுங்கறதால தப்பிச்சாரு."

கறார் தன் போனை எடுத்து ஆப்பைத் திறந்தாள். குண்டூசி இருந்தது. கீழே இருக்க வேண்டிய வரியைக் காணோம். சின்னத் திரையில் வரைபடம் முழு உயரத்தையும் பிடித்துக்கொண்டு, வரியை அடிக்கும் கீழே தள்ளியிருந்தது. கீழே போய்ப் பார்க்கலாம் என்றால், விரல் பட்டதும் வரைபடம்தான் நகர்ந்ததே தவிர, பக்கம் நகரவில்லை.

"இது என் தப்பு டாக்டர்," என்றாள். "வரி மறைஞ்சது என் தப்பு. குண்டூசி உங்க மேல விழுந்தது இவரோட விரல். ரெண்டுத்தையும் சரிபண்றேன்."

முதலாளி, போனில் இல்லாத ஆளிடம், "ஆமா ஆமா, அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போனார்.

அன்றைக்கே குண்டூசியைப் பிடுங்கினாள். 'தெரியாது' என்று போட முதலாளி கடைசிவரை ஒப்பவில்லை. ஆளை ஒரு புள்ளியில் நிறுத்தாமல், ஊர் முழுவதையும் அணைக்கிற மாதிரி ஒரு பெரிய வட்டம் போடலாம் என்று பேசி முடித்தார்கள். யாரையும் சுட்டாது, பொய்யும் இல்லை என்று அவளும் இறங்கி வந்தாள். இறங்கி வந்திருக்கக் கூடாது.

மறுநாள் செயலாளர் போன் செய்தார்.

"ஏம்மா, திறந்தா திரை முழுக்கச் சிவப்பா இருக்கே? போன் கெட்டுப்போச்சா?"

"அது வட்டம் சார். இந்த வட்டத்துக்குள்ள எங்கயோ இருக்கான்."

"அப்ப வட்டத்துக்குள்ள இருக்கிறவங்க பட்டியல் குடு."

"சார், ரெண்டு லட்சம் பேர்."

"பரவாயில்ல. அகர வரிசையில குடு."

பட்டியல் கிடைக்கவில்லை. ஆனால் வட்டத்துக்குள் தங்கள் கடைகளும் இருப்பதைச் சங்கத்தினர் பார்த்துவிட்டார்கள். எழுதுகிறவன் உள்ளுக்குள்ளேயே இருக்கிறான் என்று ஜவுளிக் கடைக்காரர் செருப்புக் கடைக்காரரைச் சந்தேகப்பட்டார். செருப்புக் கடைக்காரர் பாத்திரக் கடைக்காரரைப் பார்த்தார். பாத்திரக் கடைக்காரர் எல்லாரையும் பார்த்தார். இருபது வருடமாக ஒரே மேசையில் டீ குடித்தவர்கள் அந்த வாரம் ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து, ஒருவர் போனை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கம் உடைந்தால் ஆப் வாங்க ஆள் இல்லை. முதலாளி கறாரை அழைத்தார்.

"யாரும் குடியிருக்காத இடமாப் பாத்துக் குத்திடு. யாருக்கும் கெடுதல் இல்ல."

"முடியாது சார்."

"இது உத்தரவு."

"இது முடியாது."

"அப்ப நானே குத்திக்கறேன்," என்று முதலாளி அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டே இரண்டு எண்களை மாற்றினார். ஊரில் யாருமே குடியிருக்காத இடம் அவர் அறிவுக்கு ஒன்றுதான் எட்டியது. பஸ் நிலையத்துப் பொதுக் கழிப்பறை.

அன்று மாலை ஐந்து மணிக்குள் அந்தக் கழிப்பறை வாசலில் சங்கத்தினர் ஒன்பது பேர் கூடிவிட்டார்கள். ஒற்றுமை திரும்பிவிட்டது. வெளியே வந்த ஒவ்வொருவரையும் செயலாளர் நிறுத்தினார்.

"உள்ள இவ்வளவு நேரம் என்ன பண்ணினீங்க?"

"அதை உங்ககிட்ட சொல்லணுமா?"

"கையில போன் இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"உள்ள வெச்சு என்ன எழுதினீங்க?"

மூன்றாவது ஆள் ஒரு லாரி டிரைவர். அவர் பதிலை வாயால் சொல்லவில்லை. செயலாளரின் கண்ணாடி ஒரு பக்கம் வளைந்தது.

இதற்குள் யாரோ ஒருவர் நினைவுபடுத்தினார்: பல் டாக்டரின் ஆஸ்பத்திரி பஸ் நிலையத்துக்கு நேர் எதிரே. அவருடைய குழாயில் தண்ணீர் வராத நாளில் அவரும் இங்கேதான் வருவார். "முதல்ல ஆஸ்பத்திரி. இப்ப இங்க. ஓடி ஒளியறான்யா!" என்றார் பாத்திரக் கடைக்காரர். ஒன்பது தலைகளும் ஒரே நேரத்தில் ஆடின.

அன்று இரவு உண்மைவிளம்பி எழுதியதை மறுநாள் ஊரே படித்தது: "சங்கம் புதிதாக ஒரு வரைபடம் வாங்கியிருக்கிறது. என்னைத் தேடி முதலில் கடலுக்குப் போனார்கள். அடுத்துப் பல் ஆஸ்பத்திரிக்கு. இப்போது கழிப்பறை வாசலில் நிற்கிறார்கள். அடுத்தது எங்கே என்று அறிய என்னைவிட ஆவலானவர் யாரும் இல்லை. அரை நட்சத்திரம்."

கறார் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. அவள் கட்டிய ஆப் அது. ஒவ்வொரு பொத்தானும் கட்டை விரலுக்கு எட்டுகிறதா என்று தன் விரலையே வைத்து அளந்து கட்டியது.

மூன்றாம் நாள் பல் டாக்டர் மறுபடி வந்தார். இந்தத் தடவை கத்தவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

"இன்னிக்கு ஒருத்தர்கூட வரலம்மா," என்றார். "நேத்து ரெண்டு பேர் வந்தாங்க. வெளியில நின்னு ஆஸ்பத்திரியைப் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. பதினெட்டு வருஷமா இந்த ஊர் வாய்க்குள்ள கையை விட்டிருக்கேன். இப்ப நான் ரோட்ல போனா வாயை மூடிக்கறாங்க."

அவரோடு அவளும் போய்ப் பார்த்தாள். காத்திருப்பவர்களுக்கான பதினோரு நாற்காலிகளும் காலி. உதவியாளர் அம்மா வாசலோரம் தன் நாற்காலியில் உட்கார்ந்து, போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் எழுந்து மின்விசிறியைப் போட்டார்.

"வாங்க மேடம். உட்காருங்க. எந்த நாற்காலி வேணும்னாலும் எடுத்துக்கலாம். இப்ப வரிசையே கிடையாது."

கறார் உட்காரவில்லை.

மறுநாள் காலை வீட்டில், ஒரு கையால் தலைவாரிக்கொண்டே இன்னொரு கையால் கணவனின் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். அவர் பஸ் டிரைவர். ஏழு மணி வண்டி.

"இன்னிக்குச் சங்கத்துல பொதுக்கூட்டம்," என்றாள். "எல்லாருக்கும் முன்னாடி ஆப்பைத் திறந்து காட்டணும். முதலாளி புதுசா ஒரு இடம் பாத்து வெச்சிருக்காரு. ஊருக்கு வெளியில மூடிக் கிடக்கிற செங்கல் சூளை."

"சரி, சூளைக்கு என்ன வலிக்கவா போகுது? குத்திட்டு வா."

"இன்னிக்குச் சூளை. நாளைக்கு அங்க யாராவது மழைக்கு ஒதுங்குவாங்க. அவங்க தலை உருளும். நான் குத்த மாட்டேங்க."

"ஒரு புள்ளிக்காகவா வேலையை விடப்போற?"

"புள்ளி இல்ல. பொய்." சட்டையை நீட்டினாள். "நீங்க பஸ் ஓட்டறீங்க. போர்டுல என்ன ஊர் போடணும்னு தெரியலைன்னா, ஏதோ ஒரு ஊர் பேரைப் போட்டு ஜனங்களை ஏத்திட்டுப் போவீங்களா?"

அவர் சட்டையில் ஒரு கையை நுழைத்துக்கொண்டு நின்றார். பிறகு இன்னொரு கையையும் நுழைத்தார்.

"உன்கிட்ட வாயைக் குடுத்து ஜெயிச்சவன் யாரு?" என்றார். "போ. வேலை போனா நம்ம டிப்போவுல டிக்கெட் மெஷினைச் சரிபண்ண ஆள் தேடறாங்க."

சங்கக் கட்டடத்தின் மண்டபத்தில் நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். நூற்றிருபது பேர் வந்திருந்தார்கள். முன் வரிசையில் வளைந்த கண்ணாடியோடு செயலாளர். நடுவில், இரண்டு பக்கமும் காலி நாற்காலிகள் விட்டு, பல் டாக்டர். நேரில் வந்து பதில் சொல்லும்படி சங்கம் அவருக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. கடைசி வரிசையில் உதவியாளர் அம்மா.

"இன்னிக்குக் குண்டூசி ஒரு இடத்துல நிக்கணும்," என்று முதலாளி கறாரின் காதில் சொன்னார். "சூளை. ஞாபகம் இருக்கட்டும். எதுவும் பேசாதே. நான் பேசறேன்."

அவர் மைக்கைப் பிடித்துத் தொழில்நுட்பம், வளர்ச்சி, எதிர்காலம் என்று பத்து நிமிடம் பேசினார். பிறகு, "இப்போது அந்த ஆள் இருக்கும் இடம் உங்கள் கண்முன்னே!" என்று கையை வீசினார்.

கறார் எண்ணைத் தட்டினாள்.

சுவரில் விழுந்த பெரிய திரையில் வரைபடம் வரவில்லை. குண்டூசி வரவில்லை. வெள்ளைப் பின்னணியில், மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் தெரியும்படி ஒரே ஒரு சொல் வந்து நின்றது:

தெரியாது.

எல்லாரும் தங்கள் தங்கள் போனைத் திறந்தார்கள். அதிலும் அதுதான். பொருளாளரின் டேப்லெட்டிலும் அதுதான். சின்னத் திரை, பெரிய திரை, எதிலும் ஓர் எழுத்துகூட வெட்டுப்படவில்லை.

"என்னம்மா இது?" என்று செயலாளர் எழுந்தார்.

முதலாளி மைக்கை மூடிக்கொண்டு, "ஏதோ கோளாறு..." என்று ஆரம்பித்தார். கறார் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். வாங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"கோளாறு இல்ல சார். மூணு வாரத்துல இந்த ஆப் சொன்ன முதல் உண்மை இதுதான்."

"அப்ப அவன் எங்க இருக்கான்?"

"தெரியாது."

"ஆஸ்பத்திரியில இருக்கான்னு காட்டுச்சே?"

"அது எங்க முதலாளி கண்ணை மூடிட்டு விரலை வெச்ச இடம். அதுக்கு நான்தான் குண்டூசி குத்தினேன். முடியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு."

"கழிப்பறை?"

"அது அவரே குத்தினது."

நூற்றிருபது தலைகளும் முதலாளி பக்கம் திரும்பின. முதலாளி யாரோ அழைத்த மாதிரி வாசல் பக்கம் பார்த்தார். யாரும் அழைக்கவில்லை.

"எனக்குத் தெரியாது. இந்த ஆப்புக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது," என்றாள் கறார். "தெரியாதுங்கிற ஒரு வார்த்தையைச் சொல்ல நமக்கெல்லாம் வெட்கம். அந்த வெட்கத்துக்கு ஒரு மனுஷனோட பதினெட்டு வருஷப் பேரைப் பலி குடுத்திருக்கோம். அவர் எழுதினாருன்னு சொல்ல உங்ககிட்ட என்ன இருக்கு? ஒரு சிவப்புப் புள்ளி. அதையும் நான்தான் வரைஞ்சேன். யாராவது ஒருத்தர் வேற ஆதாரம் வெச்சிருந்தா எழுந்து சொல்லுங்க. இல்லைன்னா அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. நான் இப்பவே கேட்டுக்கறேன். மன்னிச்சிடுங்க டாக்டர்."



முதலில் எழுந்தவர் செருப்புக் கடைக்காரர். "இடது கால் பிய்யுதுன்னு எனக்கே தெரியும்," என்றார் யாரையும் பார்க்காமல். "அதை எழுதினவன் மேல கோபப்பட்டேனே தவிர, செருப்பைத் தைக்கலை." நேராகப் போய்ப் பல் டாக்டருக்குப் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு ஜவுளிக் கடைக்காரர் போனார். செயலாளர் கடைசியாகப் போய், டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு ரெண்டு பன் சாப்பிட்டீங்களே, வயிறு ஒண்ணும் பண்ணலையே?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

கைதட்டல் எங்கிருந்தோ ஆரம்பித்தது. அது மண்டபம் முழுவதும் பரவுவதற்குள் முதலாளி மைக்கை மீட்டுவிட்டார்.

"தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஒரே ஆப்!" என்று முழங்கினார். "இதுதான் எங்கள் நிறுவனத்தின் கொள்கை! ஆரம்பத்திலிருந்தே!"

கறார் ராஜினாமாக் கடிதத்தைக் கைப்பையில் வைத்திருந்தாள். அதைத் திருப்பி உள்ளே தள்ளிவிட்டாள். இவ்வளவு தைரியமாகப் பொய் சொல்கிற ஆளைக் கண்காணிக்க ஒருத்தி அங்கே இருந்தாக வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் உண்மைவிளம்பி நான்கே வரி எழுதினார்: "நேற்று இந்த ஊரில் ஒரு பெண் மைக்கைப் பிடுங்கி, தெரியாது என்றார். நானும் எத்தனையோ கடை ஏறி இறங்கியிருக்கிறேன். சரக்கு சுத்தமாக இருந்தது இது ஒன்றுதான். ஐந்து நட்சத்திரம்."

இதுவரை அவர் யாருக்கும் இரண்டுக்கு மேல் கொடுத்ததில்லை. கறார் அதை ஏழு தடவை படித்தாள். கணவனுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினாள். வாசிக்கும்போதுதான் வலது கடைவாய்ப் பல் சுரீர் என்றது. மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்ததில் அது விரிசல் விட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாற்காலியும் நிறைந்திருந்தன. சுவரோரம் ஆறு பேர் நின்றார்கள். மன்னிப்புக் கேட்டவர்களெல்லாம் குடும்பத்தோடு பல் காட்ட வந்திருந்தார்கள். கறாரைப் பார்த்ததும் வரிசை தானாக விலகி வழிவிட்டது.

"உங்களுக்கு வரிசையாவது ஒண்ணாவது!" என்று டாக்டர் அவளைப் படுக்க வைத்து, ஈறில் ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சு அடைத்தார். "ஒரு எக்ஸ்ரே எடுத்தேன்ல, அதைப் பாத்துட்டு வந்திடறேன். வாயை மூடாதீங்க. பேசாதீங்க." அடுத்த அறைக்குப் போனார்.

உதவியாளர் அம்மா விளக்கைச் சரிசெய்தார். கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கறாரின் காதருகே குனிந்தார்.

"அன்னிக்கு மேடையில நின்னு நீங்க பேசினதைக் கேட்டதிலேருந்து மனசு உறுத்திட்டே இருக்கு. உங்ககிட்ட மட்டும் சொல்லிடறேன்."

"ஊ?" என்றாள் கறார் பஞ்சுக்கு நடுவிலிருந்து.

"உங்க முதலாளி கண்ணை மூடிட்டுக் குத்தின இடம் சரிதான் மேடம், நாற்காலிதான் தப்பு. டாக்டரோட நாற்காலி இல்ல, வாசல்ல இருக்கிற என் நாற்காலி."